பெரியம்மாவின் நோட்டும் ஆஸ்பத்திரித் தாளும்: மக்களுக்கான மருத்துவக் காப்பீட்டை அளப்பது எப்படி?

என் பெரியப்பா சேலம் சிவதாபுரத்தில் நாற்பது வருடம் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைத்தவர். சில வருடங்களுக்கு முன் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தனியார் மருத்துவமனை ஒன்றில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'நோயாளி செலுத்திய தொகை' என்ற கட்டத்தில் 0 என்று இருந்தது.

பெரியம்மா பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு கணக்கு இருந்தது. ராத்திரி வாடகைக் கார் 1,200. காப்பீட்டு நிறுவனத்தின் அப்ரூவல் வருவதற்கு முன் கட்டச் சொன்ன டெஸ்ட் 6,500. வெளிக்கடையில் வாங்கிய மருந்து 2,340. கூட இருந்தவர்களின் சாப்பாடு, பஸ் 1,900. பெரிய அண்ணன் பட்டறைக்குப் போகாத ஒன்பது நாள் கூலி 5,400. கூட்டினால் 17,340 ரூபாய்.

"அட்டை இருந்தும் எப்படிப் பெரியம்மா இவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். "அட்டை இல்லீன்னா இந்த நோட்டுல ரெண்டு லட்சம் எழுதியிருப்பேன் கண்ணு. அட்டை இருந்தும் இத்தன ஆச்சு. ரெண்டும் நெசந்தான்" என்றார்.

ஒரு காப்பீட்டுத் திட்டம் நன்றாக நடக்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இரண்டு தாள்களும்தான் நினைவுக்கு வரும். அரசு வெளியிடும் அறிக்கை பெரும்பாலும் முதல் தாளைக் கூட்டி வருவது. ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பது இரண்டாவது தாளை. மூன்றாவது ஒன்றும் உண்டு: நோய் வந்தும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாதவருடையது. அவருக்குத் தாளே கிடையாது. இந்த மூன்றையும் எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்பதைத்தான், புள்ளியியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எதை வாக்களித்தார்களோ அதை அளக்க வேண்டும்

தமிழ்நாட்டில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமான வரம்பு முதலில் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ஆனது. ஊரில் இன்றும் பாதிப் பேர் இதைக் 'கலைஞர் காப்பீடு' என்றுதான் சொல்கிறார்கள். எந்தப் பேரில் கேட்டாலும் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருப்பவருக்குப் புரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2010ல் ஒரு பெட்டிப் படத்தைப் பிரபலப்படுத்தியது. ஒரு திட்டத்துக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று பக்கம். யார் யாருக்கு? எந்தெந்த நோய்க்கு? செலவில் எவ்வளவு பங்கு? ஒரு பக்கத்தை நீட்டினாலும் மற்ற இரண்டும் குட்டையாக இருந்தால் பெட்டிக்குள் ஒன்றும் பிடிக்காது. மாநிலத்தில் எல்லோருக்கும் அட்டை கொடுத்துவிட்டு ஜலதோஷத்துக்கு மட்டும் சிகிச்சை என்றால் என்ன பயன்? எல்லா நோய்க்கும் சிகிச்சை என்று சொல்லிவிட்டுப் பாதிக் காசை நோயாளியிடமே வாங்கினால்? அதனால் 'இந்தத் திட்டத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க்' என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. அந்த நிறுவனமே 2000ஆம் ஆண்டில் 191 நாடுகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம், இந்தியா 112. பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒரு வரிசையை அவர்கள் வெளியிடவில்லை. அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

யாரிடம் அட்டை இருக்கிறது?

எளிதாகத் தெரியும் இந்தக் கேள்வியிலேயே முதல் பள்ளம் இருக்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 66.5 விழுக்காடு வீடுகளில் ஏதோ ஒரு மருத்துவக் காப்பீடு இருப்பதாக அது சொன்னது. இந்திய அளவில் 41 விழுக்காடு. நாம் முன்னால் நிற்பது தெரிகிறது. ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி, 'வீட்டில் யாராவது ஒருவருக்காவது காப்பீடு இருக்கிறதா' என்பது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு மில்லில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தால் அந்த வீடு முழுவதும் 'உண்டு' பக்கம் சேர்ந்துவிடும்.

இதே நாட்டில் 2017-18ல் தேசிய மாதிரி ஆய்வு ஆளுக்கு ஆள் கேட்டது. கிராமத்தில் சுமார் 14 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் சுமார் 19 விழுக்காட்டினருக்கும்தான் காப்பீடு என்று வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்த குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றோ 28.7 விழுக்காடு வீடுகளில் காப்பீடு உண்டு என்றது. இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு மாதிரிகளை எடுத்தவை, கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டவை. இருந்தாலும் முக்கியமான வேறுபாடு எண்ணும் அலகில் இருக்கிறது. ஒன்று வீட்டை எண்ணியது, மற்றது ஆளை எண்ணியது.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மேடையில் பேசுபவர் எப்போதும் தொகுதியைத்தான் சொல்வார்: இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள், இத்தனை கோடி செலவானது என்று. கேட்பவர் பகுதியைக் கேட்க வேண்டும். எத்தனை பேரில் இத்தனை லட்சம்? இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா அளவிலும் கோட்டுக்குக் கீழே யாரை வைத்தார்கள் என்பதில்தான் பதில் மாறுகிறது.

அட்டை இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் அவர்கள் சீராகப் பரவி இருப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் சிலர் சேர்ந்து ஏற்காடு மலைக் கிராமங்களுக்குப் போய் விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம். அங்கே அடிக்கடி பார்ப்பவை: கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும். தனியாகப் பிரிந்து வந்த மகனுக்குப் புதுக் குடும்ப அட்டை வாங்கியிருக்க மாட்டார்கள். காபித் தோட்டத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு இங்கே எந்தத் தாளும் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் படம் எடுத்து வரவேண்டும் என்றால், மலையிலிருப்பவருக்கு அது ஒரு நாள் கூலி. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த ஒரு நாளை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாவட்டச் சராசரியில் இவர்கள் கரைந்துபோவார்கள். அதனால் மாவட்டத்துக்கு ஒரு எண் போதாது. ஊராட்சி வாரியாக, ஆண் பெண் வாரியாக, பழங்குடியினருக்குத் தனியாக எண் வேண்டும்.

அட்டை பயன்பட்டதா?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். சேலம் நகரத்தில் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வார்டில் அட்டை உள்ளவர்கள் 1,000 பேர். ஒரு வருடத்தில் அவர்களில் 40 பேர் அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மலையில் ஒரு ஊராட்சி. அங்கேயும் அட்டை உள்ளவர்கள் 1,000 பேர். சேர்ந்தவர்கள் 15 பேர்.

இந்த எண்களைப் பார்த்து ஒரு அதிகாரி, 'மலைக் காற்று நல்ல காற்று, அங்கே நோய் குறைவு' என்று சொல்லலாம். இன்னொருவர், 'அவர்களுக்குத் திட்டத்தைப் பற்றித் தெரியவில்லை, நோட்டீஸ் அடியுங்கள்' என்று சொல்லலாம். மூன்றாமவர், 'நகரத்து ஆஸ்பத்திரிகள் தேவையில்லாதவரையும் சேர்த்துக் கணக்குக் காட்டுகின்றன' என்று சொல்லலாம். 40, 15 என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மூவரில் யார் சொல்வது சரி என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கோட்டுக்குக் கீழே இருக்கும் 1,000 பேரை எடுத்துவிட்டு, 'ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய அளவுக்கு நோய் வந்தவர்கள் எத்தனை பேர்' என்பதை அங்கே வைக்க வேண்டும். அந்த எண் ஆஸ்பத்திரியில் கிடைக்காது. வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும். போய்க் கேட்டோம், இரண்டு இடத்திலும் 60 பேருக்குத் தேவை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வார்டில் 60க்கு 40. மூன்றில் இரண்டு பேருக்கு அட்டை உதவியது. மலையில் 60க்கு 15. நான்கில் ஒருவருக்குத்தான் உதவியது.

இனி மலையில் மீதியுள்ள 45 பேரைப் பிரிக்க வேண்டும். 10 பேர் ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் குணமாகி வந்தார்கள் என்றால் அது நல்ல செய்திதான், காப்பீட்டுக் கணக்கில் ஏறவில்லை என்பதைத் தவிர. 8 பேர் அட்டை இருந்தும் கைக்காசு கொடுத்தார்கள். 27 பேர் எங்கும் போகவில்லை. திட்டத்தைத் திருத்த நினைப்பவருக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியமானது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் அந்த 27 பேர் இருப்பதே தெரியாது. சிகிச்சைச் செலவைக் கேட்டுக் கேட்பு மனு (கிளெய்ம்) போகாதவர் அங்கே பதிவாவதில்லை.

ஏன் போகவில்லை என்றால் பதில் பெரும்பாலும் சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அது ஏற்காடு வரைக்கும்தான். நாகலூர், செம்மநத்தம், கொட்டச்சேடு என்று உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து வருபவர் முதலில் ஏற்காட்டுக்கு வந்து சேர வேண்டும், அல்லது குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சைகள் நடப்பதெல்லாம் கீழே, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும். 'மாவட்டத்தில் இத்தனை ஆஸ்பத்திரிகள் திட்டத்தில் இருக்கின்றன' என்ற எண்ணை விட, 'ஒரு ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டும் ஆஸ்பத்திரிகள் எத்தனை' என்ற எண் நமக்கு அதிகம் சொல்லும். அந்த ஒரு மணி நேரத்தையும் காரில் அளக்கக் கூடாது. பஸ்ஸில் அளக்க வேண்டும்.

காசு மிச்சமானதா?

காப்பீடு என்ற சொல்லுக்கே இதுதான் அடிப்படை. நோய் வந்தாலும் குடும்பம் முறியக் கூடாது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது எவ்வளவு என்று தேசிய சுகாதாரக் கணக்கு வருடா வருடம் பார்க்கிறது. 2013-14ல் அது 64.2 விழுக்காடு. 2021-22ல் 39.4 விழுக்காடு. இறங்கியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனாலும் இது மொத்தத்தின் பங்கு. எந்த வீட்டில் எவ்வளவு என்று இது சொல்லாது. பத்து வீடுகளில் ஆளுக்கு ஆயிரம் செலவானாலும், ஒரு வீட்டில் மட்டும் பத்தாயிரம் செலவாகி மற்ற ஒன்பதில் ஒன்றுமே ஆகாவிட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். அந்த ஒரு வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்கும்.

அதனால் 'பேரிடர்ச் செலவு' என்று இன்னொரு அளவு வைத்தார்கள். ஒரு குடும்பத்தின் வருடச் செலவில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பேரிடர். 10 விழுக்காடு என்று ஒரு கோடு, 25 விழுக்காடு என்று இன்னொரு கோடு, உலகம் முழுவதும் பரவலாகப் பயன்பட்டு வந்தன.

பெரியம்மாவின் நோட்டை இந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அவர்கள் வீட்டின் வருடச் செலவு 1,50,000 ரூபாய் என்று கொள்வோம். பத்து விழுக்காடு என்றால் 15,000. நோட்டில் இருப்பது 17,340. பேரிடர்தான். ஆனால் ஆய்வுகள் வழக்கமாக இழந்த கூலியைச் செலவில் சேர்ப்பதில்லை. அண்ணனின் 5,400ஐக் கழித்தால் 11,940. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது, பேரிடர் இல்லை. டெஸ்ட், மருந்து மட்டும்தான் மருத்துவச் செலவு என்று பிடிவாதமாக நின்றால் 8,840. ஆஸ்பத்திரித் தாளைக் கேட்டால் 0. ஒரே மனிதர், ஒரே நோய், நான்கு பதில்கள். நான்கிலும் பொய் இல்லை. என்னைக் கேட்டால் கூலியைச் சேர்க்கத்தான் வேண்டும் என்பேன். பட்டறையிலும் தறியிலும் தோட்டத்திலும் நாள் கூலி வாங்குபவர்களுக்கு வேலைக்குப் போகாத நாள் என்பது வெறும் விடுமுறை கிடையாது. அது அரிசிக் காசு.

இந்த அளவில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலையில் எங்கும் போகாத அந்த 27 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மருத்துவத்துக்குச் செலவழித்தது சுழியம். பேரிடர்ச் செலவுக் கணக்கில் அவர்கள் எல்லோரும் 'நன்றாகப் பாதுகாக்கப்பட்டவர்கள்' பக்கம் போய் நிற்பார்கள். வசதியில்லாததால் வைத்தியமே பார்க்காத ஊரின் எண்கள் அழகாக இருக்கும். அதே ஊருக்கு ஒரு நல்ல சாலை போட்டு, ஆட்கள் சேலம் போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கினால் எண்கள் கெட்டுப்போகும். எனவே செலவு எண்ணைத் தனியாக யாராவது காட்டினால், பக்கத்திலேயே பயன்பாட்டு எண்ணையும் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதா மாதம் வாங்கும் மாத்திரை இதில் வராது. அதை ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் பார்த்துக்கொள்கின்றன. அந்த மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் பத்து வருடம் கழித்து வரவேண்டிய டயாலிசிஸ் கேட்பு மனு வராமலே போகலாம். வராமல் போன மனுவைக் காப்பீட்டுத் துறை தன் சாதனையாகக் காட்ட முடியாது. நம் வீட்டுக்கோ அதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

நிறுவனக் கணக்குகள், சுருக்கமாக

அரசு ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. கட்டிய 100 ரூபாயில் எவ்வளவு சிகிச்சையாகத் திரும்பியது என்பதுதான் கேட்பு விகிதம். 40 என்றால் மக்கள் பணம் நிறுவனத்தில் தங்கிவிட்டது. 110 என்றால் நிறுவனம் நட்டப்படுகிறது, அடுத்த ஒப்பந்தத்தில் விலையை ஏற்றும், இல்லாவிட்டால் மனுக்களை இழுத்தடிக்கும். எத்தனை மனுக்களைத் தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள் என்பதும் பார்க்க வேண்டியது.

அப்ரூவலுக்கு ஆகும் நேரத்தைச் சொல்லும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஒன்பது பேருக்கு ஒரு மணி நேரத்தில் வந்து, பத்தாவது ஆளுக்கு 31 மணி நேரம் ஆனால் சராசரி 4 மணி நேரம். நான்கு மணி நேரம் காத்திருந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. பெரியப்பாவுக்கு டெஸ்ட் காசு கட்டச் சொன்னது இப்படி ஒரு நீண்ட காத்திருப்பின்போதுதான்.

உடம்பு தேறியதா?

லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டோனபீடியன் 1966ல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறைக்கு அரிச்சுவடி. மருத்துவத்தின் தரத்தை மூன்று படியாகப் பார்க்கச் சொன்னார். என்ன இருக்கிறது: கட்டில், கருவி, டாக்டர். என்ன செய்தார்கள்: சரியான நேரத்தில் சரியான சிகிச்சை. என்ன ஆனது: நோயாளியின் நிலை. முதல் படியை எண்ணுவது எளிது, கடைசியை எண்ணுவது கடினம். அதனால் அறிக்கைகளில் முதல் படியே நிறைந்திருக்கும்.

டயாலிசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் வாரம் இரண்டு முறை சேலத்துக்கு வந்து செய்துகொள்கிறார் என்றால் வருடத்துக்கு 104 முறை. திட்டத்தின் புத்தகத்தில் 104 வெற்றிகரமான சேவைகள். அவர் உடம்பின் கணக்கில், இறங்கவும் ஏறவும் சேர்த்து 4,160 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வாரம் மழையில் சாலை அடைபட்டால் என்ன ஆனது, வருடக் கடைசியில் அவர் இருக்கிறாரா, தோட்ட வேலைக்குப் போக முடிகிறதா? சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒரு போன் செய்து கேட்டாலே இந்த எண்கள் கிடைத்துவிடும். கேட்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அதிக எண்ணிக்கையே ஆபத்தாக மாறும் இடமும் உண்டு. ஆந்திராவில் 2007ல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில், இளம் பெண்களுக்கும் தேவையில்லாமல் கருப்பையை எடுக்கிறார்கள் என்ற கவலை எழுந்தது. பிறகு அந்த அறுவையை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். சிகிச்சைக்கு இவ்வளவு ரூபாய் என்று பேக்கேஜ் வைத்தால், காசு அதிகம் நிற்கும் பேக்கேஜ் பக்கம் கத்தி சாயும். இந்தச் சிகிச்சை இவருக்குத் தேவைதானா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் கெட்டதையும் நல்லதாக எண்ணிவிடுவோம்.

திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

திட்டம் வந்தபின் மரணம் குறைந்தது என்றால் அதற்குத் திட்டம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயத்தில் 108 வண்டி வந்திருக்கும், கூலி ஏறியிருக்கும், சாலை வந்திருக்கும். திட்டம் வராத இன்னொரு சேலம் இருந்தால் ஒப்பிடலாம். அப்படி ஒன்று இல்லை.

கர்நாடகத்தில் ஒரு வழி கிடைத்தது. வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தை 2010ல் முதலில் வட மாவட்டங்களில் மட்டும் தொடங்கினார்கள். அந்த எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இருக்கும் ஊர்கள் ஒரே மண், ஒரே பயிர், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஒரு பக்கத்துக்குத் திட்டம் உண்டு, மறு பக்கத்துக்கு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 2014ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த மரணம் திட்டம் உள்ள ஊர்களில் 0.32 விழுக்காடு, இல்லாத ஊர்களில் 0.90 விழுக்காடு. அந்த எண்ணை அப்படியே சேலத்துக்குத் தூக்கி வர மாட்டேன். ஆனால் ஒப்பிட்ட விதம் நமக்கும் உதவும். குப்பனூர்ச் சாலைப் பக்கத்து ஊர்களையும் சாலை எட்டாத ஊர்களையும் இப்படி வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008ல் 10,000 பேருக்குத்தான் காப்பீடு கொடுக்க முடியும், விண்ணப்பித்தவர்கள் சுமார் 90,000 பேர். குலுக்கல் போட்டார்கள். கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், காப்பீடு கிடைத்தவர்களுக்குக் கடன் தொல்லை குறைந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, டாக்டரைப் பார்ப்பது கூடியிருந்தது. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. சிலர் இதைக் காட்டிக் காப்பீடே வீண் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனில்லாமல் தூங்குவதும் ஒரு பலன்தான். ஆனால் காப்பீட்டிடம் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு நல்ல மருந்தும் நல்ல பின்கவனிப்பும் வேண்டும் என்பதை அந்த முடிவு பிரித்துக் காட்டியது.

அளக்கிறோம் என்று தெரிந்தால்

பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒரு அளவையே இலக்காக்கிவிட்டால் அது அளவாக இருப்பதை விட்டுவிடும். 'இந்த மாதம் இத்தனை அட்டை போட வேண்டும்' என்று மேலிருந்து உத்தரவு வந்தால் அட்டை போட்டுவிடுவார்கள். யாருக்கு, சரியான பெயரில்தானா என்பது பின்னுக்குப் போய்விடும். 2023ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மத்தியத் திட்டத்தின் பதிவுகளைத் தோண்டியபோது, ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு நேரே ஒரே செல்போன் எண் இருந்தது: பத்து இலக்கமும் ஒன்பதாக. ஒவ்வொருவருக்கும் எண் கேட்டு எழுத நேரமில்லாதவர்கள் கட்டத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு போன் செய்து கேட்கலாம் என்று மேலே சொன்னேனே, அந்த ஏழரை லட்சம் பேரிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் முன்பு மூன்று பத்தி இருந்தது. பெயர், அட்டை உண்டா, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா. இப்போது நான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறோம்: போயிருக்க வேண்டும், போகவில்லை, ஏன்? வெள்ளக்கடைப் பக்கம் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒரு பாட்டி, "நான்தான் எங்கயும் போவலியே சாமி, என்னத்த எழுதுவ?" என்று கேட்டார். இரண்டு வருடமாகக் குடலிறக்கம். குனிந்து மிளகு பொறுக்க முடியவில்லை. அட்டை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. எழுதிக்கொண்டோம்: அட்டை உண்டு. நோய் உண்டு. சேரவில்லை. காரணம், கூடப் போக ஆள் இல்லை.